டி.எம்.சி.க்கு முன்னும் பின்னும்

1886 அக்டோபர் 29 தேதியிட்ட பெரியாறு அணைக்கான குத்தகைப் பத்திரத்தில் எண்கள் நிறைய உண்டு. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய், 999 ஆண்டுக் கெடு, ஆற்றின் அடிமட்டத்திலிருந்து 155 அடி உயரம். தண்ணீருக்கு மட்டும் அளவே இல்லை. அந்த நிலத்துக்குள் வந்து சேரும் தண்ணீர் முழுவதும் சென்னை மாகாணத்துக்கு என்று எழுதித் திருவிதாங்கூர் கொடுத்துவிட்டது.

84 ஆண்டுகள் கழித்து, 1970 மே 29 அன்று தமிழகமும் கேரளமும் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் போட்டபோது தண்ணீரே கணக்காகிவிட்டது. சித்தூர் புழைப் பாசனத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. என்று கேரளத்தின் பங்கு எழுதப்பட்டது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ் விவசாயிகள் கேரளத்துக் குடிமக்கள். தமிழ்நாடு திறந்துவிட்டால்தான் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். டி.எம்.சி. என்ற மூன்றெழுத்து அவர்கள் வாழ்க்கைக்குள் நுழைந்தது இந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான்.

டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் நூறு கோடி. பில்லியன் என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அதற்குப் பின்னால் ஐரோப்பாவின் நெடுநாள் குழப்பம் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம், 'மிலியோனே' என்றால் பேராயிரம். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் மில்லியன் ஆனது. 1484-இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பில்லியன் என்று எழுதியபோது அதன் பொருள் மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி. பிற்காலத்தில் பிரான்சிலேயே அது நூறு கோடியாகச் சுருங்கியது. அமெரிக்கா அந்தச் சிறிய பில்லியனை எடுத்துக்கொண்டது; பிரிட்டன் பெரியதையே வைத்துக்கொண்டது. 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹரோல்ட் வில்சன் அரசுக் கணக்குகளில் இனி பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதுவரை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டுமென்றால் ஆயிரம் மில்லியன் என்றே எழுத வேண்டியிருந்தது. நம் நீர்க்கணக்கில் அந்தப் பழைய வழக்கு அப்படியே நின்றுவிட்டது.

பேரெண்களுக்குத் தமிழில் பஞ்சம் இருந்ததில்லை. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். எல்லாமே தண்ணீரைச் சார்ந்த பெயர்கள். வெள்ளம் நமக்கு ஆற்றுப் பெருக்கு, மலையாளத்தில் சாதாரணத் தண்ணீர். எல்லையின் இரு பக்கமும் புழங்கும் இந்தச் சொல் ஒரு காலத்தில் பேரெண்ணாகவும் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அன்று விவசாயி கேட்டது இரண்டே கேள்வி: தண்ணீர் எப்போது திறப்பார்கள், எத்தனை நாளைக்கு விடுவார்கள். நாற்றங்கால் போடுவதும் போடாததும் அந்தப் பதிலைப் பொறுத்தது. இன்று காலையிலேயே கைப்பேசிக்கு அணை நிலவரம் வந்துவிடுகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. அதே தண்ணீரைக் கேரளத்தில் தசலட்சம் கன மீட்டரில் எழுதுகிறார்கள். மணக்கடவின் 7.25 டி.எம்.சி. அந்தக் கணக்கில் 205. எல்லைக் கிராமத்தில் இரண்டு மொழிப் பத்திரிகையும் படிப்பவருக்கு ஒரே ஆறு இரண்டு எண்ணாகத் தெரிகிறது. செய்தி பெருகியிருக்கிறது, அது வயலில் எவ்வளவு என்று விளங்குகிறதா என்பதுதான் என் கவலை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, ஏறக்குறைய 24.5 லட்சம் லிட்டர். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். ஓர் எடுத்துக்காட்டு: பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பரம்பிக்குளம் அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21 அதிகாலை அதன் மதகு ஒன்று உடைந்து விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அந்த வேகத்தில் ஒரு டி.எம்.சி. காலியாக 14 மணி நேரம் போதும்.

முல்லைப் பெரியாறு அணை இருக்கும் இடுக்கி எல்லையில் நீர்மட்டம் பற்றிய பேச்சு முழுக்க அடியில்தான். 136, 142, 152 ஆகிய மூன்று எண்களைக் குமுளியிலும் கம்பத்திலும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று உறுதிசெய்தது. தமிழகம் கேட்கும் 152-க்கும் அதற்கும் இடையிலுள்ள பத்தடியில் அடங்கும் தண்ணீர் சுமார் 2.9 டி.எம்.சி. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல் 14,707 ஏக்கர். ஒரு டி.எம்.சி.யை அத்தனை ஏக்கரிலும் பரப்பினால் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் நிற்கும்; அந்தப் பத்தடித் தண்ணீர் நாலரை அடி நிற்கும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலோரும் தமிழர்கள்தான். மட்டம் ஏறும் மழை நாள்களில் அவர்களுக்கு அதே பத்தடி பயமாகத் தெரிகிறது. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு கணக்கைச் சொல்ல முடியும். மேடைகளில் கேட்பதோ அடியைப் பற்றிய முழக்கம் மட்டும்.

மறுபடி மணக்கடவுக்கு வருவோம். 7.25 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தால் அங்கே விநாடிக்கு 230 கன அடி. பாசனத்துக்கு அது ஒரே சீராக வேண்டியதில்லை. நடவுக்கு அதிகம் வேண்டும், அறுப்பு நெருங்கினால் வேண்டாம். இரு மாநில அதிகாரிகளும் தங்கள் அறிக்கையின் கடைசியில், இந்த இருப்பில் இத்தனை நாளைக்கு இத்தனை கன அடி விட முடியும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். நாற்று விடலாமா, நிலத்தைத் தரிசாகப் போடலாமா, தென்னைக்கு மாறிவிடலாமா என்பதை விவசாயி தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.