ஒரே விதி, பல திரைகள்

கடையில் வாங்கி வந்த மின்குமிழை வீட்டு ஹோல்டரில் மாட்டுகிறீர்கள். அது கச்சிதமாகப் பொருந்துகிறது. குமிழைச் செய்தவர் ஒருவர். ஹோல்டரைச் செய்தவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவும் மாட்டார்கள். பிறகு எப்படிப் பொருந்தியது? குமிழின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதன் ஊசிகள் எங்கே அமைய வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே விதிகள் வகுக்கப்பட்டிருப்பதே காரணம். இதைத் தரப்படுத்துதல் என்கிறோம்.

கைபேசித் திரையில் தெரியும் பொத்தான்களுக்கும் எழுத்துகளுக்கும் நிறங்களுக்கும் இத்தகைய விதிகள் உண்டா? உண்டு. ஒரு நிறுவனம் தன் செயலிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்துக்கொள்ளும் இத்தகைய விதித் தொகுப்பை வடிவமைப்பு முறை என்பார்கள். அழகுக்காக மட்டும் செய்யப்படுவது இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இதற்குள் ஒளியியலும் அளவியலும் அடங்கியிருக்கின்றன.

ஒரு நிறுவனம், பல முகங்கள்

கூகுள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தேடுபொறி, மின்னஞ்சல், நிலப்படம், நாட்காட்டி, யூடியூப் என்று அதன் படைப்புகள் பல. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழு தனித்தனியே வளர்த்து வந்தது. ஆகவே ஒன்றில் பொத்தான் ஒரு வடிவில் இருக்கும். மற்றொன்றில் வேறு வடிவில் இருக்கும். 2011ஆம் ஆண்டு இவற்றுக்கு ஒரு பொதுத் தோற்றம் தரும் முயற்சி அங்கே தொடங்கியது. 2014 ஜூன் மாதத்தில் ‘மெட்டீரியல் டிசைன்’ என்ற முழுமையான விதித் தொகுப்பு வெளியிடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 5.0 இந்த முறையில் அமைந்தது. விதிகள் அனைவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டதால் மற்ற நிறுவனங்களும் அவற்றைப் பின்பற்ற முடிந்தது.

இதனால் என்ன பயன்? ஒரு நிறுவனத்திடம் 10 செயலிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் என 20 வகை உறுப்புகள் தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். குழுக்கள் தனித்தனியே வேலை செய்தால் 200 உறுப்புகளை வடிவமைத்துச் சோதிக்க வேண்டும். பொது முறை இருந்தால் 20 போதும். பயனரின் பக்கம் பார்த்தாலும் இதே கணக்குதான். ஒரு செயலியில் கற்றுக்கொண்டதை மற்ற ஒன்பதிலும் அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். முதன்முறையாகக் கைபேசியைக் கையில் எடுக்கும் ஒரு பாட்டிக்கு இது சிறிய உதவியா?

காகிதமும் நிழலும்

திரை தட்டையானது. அதில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று கண்ணுக்கு எப்படிச் சொல்வது? இங்கேதான் கூகுள் வடிவமைப்பாளர்கள் இயற்பியலின் துணையை நாடினார்கள். காகிதத்தில் மாதிரிகள் செய்து, அவற்றின் மீது ஒளி விழும் விதத்தையும் நிழலையும் கவனித்தார்கள்.

கருநிழல், புறநிழல் பற்றி நீங்கள் கிரகணப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒளிமூலம் புள்ளியாக இல்லாமல் பரந்திருந்தால் நிழலின் ஓரம் மங்கலாகும். பொருள் தரையிலிருந்து உயர உயர அந்த மங்கல் ஓரம் அகலமாகும். இதையே திரைக்கு விதியாக்கினார்கள். திரைக்குள் ஒரு முதன்மை விளக்கும், எல்லாத் திசையிலிருந்தும் வரும் சுற்றொளியும் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உயரம் தந்தார்கள். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி மேற்பட்டையின் உயரம் 4 அலகு. மிதக்கும் வட்டப் பொத்தானின் உயரம் 6 அலகு. கேள்வி கேட்டு நிற்கும் சிறு பெட்டியின் உயரம் 24 அலகு. உயரத்துக்கேற்ப நிழல் விழும். அதைப் பார்த்தவுடன், ‘முதலில் இந்தப் பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்று கண் புரிந்துகொள்ளும். 2021இல் வந்த புதிய பதிப்பில் நிழல் குறைந்தது. உயரத்தைக் காட்டும் பொறுப்பில் பெரும்பகுதியை நிறச் சாயல் ஏற்றுக்கொண்டது.

பொத்தானுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

மேலே ‘அலகு’ என்றோமே, அது என்ன அலகு? திரை பிக்சல் எனப்படும் ஒளிப்புள்ளிகளால் ஆனது. பிக்சல்களை எண்ணியே அளவு சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு.

ஒரு திரையில் அங்குலத்துக்கு 160 புள்ளிகள் இருக்கின்றன என்போம். அதில் 48 புள்ளி அகலமுள்ள பொத்தானின் அளவு 48/160, அதாவது 0.3 அங்குலம். இது ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர். இப்போது அங்குலத்துக்கு 480 புள்ளிகள் கொண்ட நுட்பமான திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 48 புள்ளிகள் அங்கே 0.1 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர்தான் வரும். மிளகை விடச் சிறிய பொத்தான்! அதை விரலால் தொட முடியுமா?

ஆகவே ஆண்ட்ராய்டு முறையில் ‘டிபி’ என்ற அலகை வகுத்தார்கள். அங்குலத்துக்கு 160 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு புள்ளியின் அளவே 1 டிபி. 480 புள்ளித் திரையில் 1 டிபிக்கு 3 புள்ளிகள். எனவே 48 டிபி பொத்தான் முதல் திரையில் 48 புள்ளிகளையும், இரண்டாவதில் 144 புள்ளிகளையும் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் அளவு மாறாது. விரலால் தொடும் எதற்கும் குறைந்தது 48 டிபி இடம் வேண்டும் என்பது விதி. நம் விரல்நுனியின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

கண்ணுக்கு ஒரு கணக்கு

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தைப் படிக்க முடியாது என்பது அனுபவம். இந்த அனுபவத்தை எண்ணாக மாற்ற முடியுமா? வலைத்தளங்களுக்கான உலகப் பொது அமைப்பு 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. வடிவமைப்பு முறைகள் பல அதையே பின்பற்றுகின்றன.

திரையின் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் முழு அளவையும் 1 என்று கொண்டால், கலவையின் ஒளிர்வு = 0.2126 × சிவப்பு + 0.7152 × பச்சை + 0.0722 × நீலம். பச்சைக்கு ஏன் இவ்வளவு பெரிய பங்கு? நம் கண் பச்சைப் பகுதி ஒளியைத்தான் மிக நன்றாக உணர்கிறது. இரு நிறங்களின் ஒளிர்வோடும் தனித்தனியே 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது மாறுபாட்டு விகிதம். சாதாரண எழுத்துக்கு இது 4.5க்குக் குறையக் கூடாது.

கணக்கிட்டுப் பாருங்கள். வெள்ளையின் ஒளிர்வு 1. கருப்பின் ஒளிர்வு 0. விகிதம் 1.05/0.05 = 21. வெள்ளை மேல் முழு நீலம் 8.6, தேறியது. முழுச் சிவப்பு 4.0, சற்றே தவறியது. முழுப் பச்சை 1.4. மஞ்சளோ 1.07தான்! ‘எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்று வடிவமைப்பாளர் வாதாட இனி இடமில்லை. பார்வை மங்கிய முதியவரும், நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று திரையைப் பார்ப்பவரும் இந்த எண்ணால் காப்பாற்றப்படுகிறார்கள்.

பெயரில் அடங்கிய முடிவு

இயற்பியல் சூத்திரங்களில் 9.8 என்று எழுதாமல் ‘ஜி’ என்று எழுதுகிறோம். நிலவுக்குப் போனால் ஜியின் மதிப்பை 1.6 என்று மாற்றினால் போதும். சூத்திரங்களைத் திருத்த வேண்டியதில்லை. வடிவமைப்பு முறையிலும் இதே உத்திதான். ஆயிரம் இடங்களில் ஒரு நீலத்தின் எண்ணை எழுதிவைக்காமல் ‘முதன்மை நிறம்’ என்று பெயரை மட்டும் எழுதுவார்கள். அப்பெயரின் மதிப்பு ஓரிடத்தில் இருக்கும். அங்கே மாற்றினால் எல்லாச் செயலிகளிலும் மாறிவிடும். இத்தகைய பெயர்களுக்கு வடிவமைப்பு டோக்கன்கள் என்று பெயர்.

தவறும் பெருகும்

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஓரிடத்தில் செய்த நன்மை எங்கும் பரவுவது போலவே ஓரிடத்தில் செய்த தவறும் எங்கும் பரவும்.

இதற்கு மெட்டீரியல் டிசைனிலேயே சான்று இருக்கிறது. பெயர், முகவரி முதலியவற்றை எழுதும் இடத்தை முதல் பதிப்பில் ஒரு மெல்லிய அடிக்கோடாக மட்டும் காட்டினார்கள். பார்ப்பதற்கு எளிமையாக இருந்தது. ஆனால் பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் கோட்டுக்கும் எழுதுவதற்கான கோட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் சிலர் திகைத்தார்கள். பின்னர் கூகுள் குழு நூற்றுக்கணக்கானோரிடம் பல வடிவங்களைக் காட்டிச் சோதித்தது. நான்கு புறமும் அடைபட்ட கட்டமே எளிதில் கண்ணில் படுகிறது என்று தெரிந்தது. விதியும் மாற்றப்பட்டது. ஒரு கோடுதானே என்று விட்டுவிட முடியாது. அந்தக் கோடு எத்தனை செயலிகளில், எத்தனை விண்ணப்பங்களில் இடம்பெற்றிருந்தது! பொது விதி வகுப்பவர் தன் விருப்பத்தை நம்பாமல் சோதனையை நம்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடாதா?

பொதுவிதி வந்தால் எல்லாச் செயலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இக்குறை உண்மையிலேயே கூறப்பட்டது. 2018இல் நிறுவனங்கள் தங்களுக்கேற்ற நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்துகொள்ள வழி செய்தார்கள். 2021 பதிப்பில், பயனர் வைத்திருக்கும் பின்னணிப் படத்திலிருந்தே நிறங்களைக் கணினி தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அப்படியானால் எழுத்து மங்கிவிடாதா? நிறங்களின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை வரிசைப்படுத்தி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 50 படி வேறுபாடு இருக்கும்படி செய்தால் 4.5 என்ற விகிதம் தானே கிடைத்துவிடும். நிறம் அவரவர் விருப்பம். வேறுபாடு மட்டும் விதி.

மொழிக்கும் இது பொருந்தும். ‘கீ’ என்ற எழுத்தின் சுழி மேலே போகிறது. ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து வரி இடைவெளி வகுத்தால் தமிழ் வரிகள் ஒன்றோடொன்று உரசும். தெற்காசிய எழுத்துகளுக்குக் கூடுதல் வரி உயரம் வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அதுபோல ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் ‘சேவ்’ தமிழில் ‘சேமிக்கவும்’ என்று நீளும். பொத்தானின் அகலத்தை இறுக்கிவிட்டால் சொல் பாதியில் வெட்டுப்படும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. குழல் விளக்கின் கீழ் மேசை மேல் ஓர் அஞ்சலட்டையை 5 மில்லிமீட்டர் உயரத்திலும், பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்திலும் பிடியுங்கள். நிழலின் ஓரங்கள் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. அளவுகோலால் கைபேசியிலுள்ள பொத்தான்களை அளவிடுங்கள். 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை?

3. கைபேசி அமைப்புகளில் அணுகல் வசதிகள் பகுதிக்குச் சென்று திரையைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ‘சரி’, ‘தவறு’ என்பவற்றை நிறத்தால் மட்டும் காட்டும் செயலி எது என்று தேடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் ஒருவர் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவருக்கு அந்தச் செயலி எப்படிப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன விதி எழுதுவீர்கள்?