கணினிவழித் தாக்குதல்களும் அவை புகட்டும் பாடங்களும்

குழாயைத் திருகியவுடன் நீர் வருகின்றது. ஆளியை அழுத்தியவுடன் விளக்கு ஒளிர்கின்றது. இவற்றின் பயனைத் துய்க்கும் நாம் இவற்றின் பின்னே நிகழும் வினைகளை எண்ணிப்பார்ப்பதில்லை. நீரை ஏற்றும் பம்பியும், மின்னைப் பகிர்ந்தளிக்கும் நிலையமும், எண்ணெயைச் செலுத்தும் குழாய்வழியும் முன்னாளில் மனிதர் கண்ணாலும் கையாலுமே பேணப்பட்டன. இன்று அப்பணியிற் பெரும்பகுதியைக் கணினிகள் ஏற்றுள்ளன. அக்கணினிகளைத் தீயோர் கைப்பற்றித் தம் விருப்பின்படி இயக்கிய நிகழ்ச்சிகள் 2000ஆம் ஆண்டு முதலாகப் பல நடந்துள்ளன. அவற்றுள் ஐந்தினை எடுத்து, அவை எவ்வாறு நிகழ்ந்தன, அவற்றால் நாம் அறியத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இவ்வியந்திரங்கள் தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். ஓர் ஆலையில் மூவகை உறுப்புகள் உள. வெப்பம், அமுக்கம், நீர்மட்டம் முதலியவற்றை அளக்கும் உணர்கருவிகள் ஒருவகை. பம்பிகளை ஓட்டுவனவும் வால்வுகளைத் திறந்து மூடுவனவும் மற்றொருவகை. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, அளவைப் பார்த்து ஆணை பிறப்பிக்கும் சிறு கணினி மூன்றாவது. இதனைக் கட்டுப்படுத்தி என்பர். கட்டுப்பாட்டறையில் அமர்ந்திருக்கும் அலுவலர் தம்முன் உள்ள திரையில் யாவற்றையும் கண்டு, வேண்டுமிடத்துத் தாமும் ஆணையிடுவார்.

இக்கட்டுப்படுத்திகள் முதன்முதல் அமைக்கப்பட்ட காலத்தில் அவற்றை அணுகக்கூடியோர் அவ்வாலையின் ஊழியரே. ஆதலின், வரும் ஆணை எவரிடமிருந்து வருகின்றது என்று வினவும் ஆற்றல் அவற்றுட் பெரும்பாலனவற்றுக்கு அளிக்கப்படவில்லை. பின்னர்ச் செலவைக் குறைத்தற்பொருட்டும் தொலைவிலிருந்தே மேற்பார்த்தற்பொருட்டும் அவை வானொலியாலும் தொலைபேசிக் கம்பியாலும், ஈற்றில் இணையத்தாலும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஆணையை அறியுமேயன்றி ஆணையிடுவோனை அறியாத இயந்திரம் இவ்வாறு அயலார் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டது. பின்வரும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இதுவே அடிப்படையென்க.

முதலாவது நிகழ்ச்சி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள மரூச்சி என்னும் பகுதியில் 2000ஆம் ஆண்டு நடந்தது. அங்கே 142 கழிவுநீர்ப் பம்பி நிலையங்கள் வானொலிவழி கட்டுப்படுத்தப்பட்டு வந்தன. திடீரெனப் பம்பிகள் காரணமின்றி நின்றன; அபாய அறிவிப்புகள் உரிய இடத்துக்குச் சென்று சேரவில்லை. புதிய அமைப்பின் கோளாறே இதுவெனப் பொறியியலாளர் முதலில் கருதினர். நாட்கள் பல கடந்த பின்னரே, எவனோ ஒருவன் வேண்டுமென்றே ஆணைகளை அனுப்புகின்றான் எனக் கண்டனர். அவ்வமைப்பை நிறுவிய கம்பனியில் முன்பு வேலைபார்த்து விலகியவன் அவன். பின்னர் நகரசபையில் வேலை கேட்டும் பெறாதவன். கணினியும் வானொலிக் கருவியும் காரில் இருக்க அவன் பிடிபட்டான். அதற்குள் ஏறத்தாழ எட்டு இலட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு விடுதியின் வளவிலும் பெருகி, நீர்வாழ் உயிர்களைக் கொன்றது. 2001ஆம் ஆண்டில் அவனுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்குவோனிடமிருந்து வாயிற் சாவியை வாங்கிக்கொள்ளும் நாம், அவன் அறிந்த வழிகளையும் அன்றே அடைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இரண்டாவது ஈரான் நாட்டில் நட்டன்ஸ் என்னும் இடத்திலுள்ள யூரேனியச் செறிவாக்க நிலையத்தைப் பற்றியது. ஸ்ரக்ஸ்நெற் எனப் பெயரிடப்பட்ட கேடுசெய் மென்பொருளொன்று 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிப்பட்டது. அந்நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு தொடர்பற்றவை. எனினும், கையில் எடுத்துச்செல்லும் சிறு நினைவகக் கருவிகளின் வாயிலாக அம்மென்பொருள் பரவவல்லதாய் இருந்தது. அது மையநீக்கிகளை இயக்கும் மின்னோட்டத்தின் மீடிறனை 1410 ஹேட்ஸ் வரை உயர்த்தியும், பின்னர் 2 ஹேட்ஸ் வரை தாழ்த்தியும், மீண்டும் 1064 ஹேட்ஸுக்குக் கொணர்ந்தும் அவற்றைச் சிதைக்குமாறு எழுதப்பட்டிருந்தது. இதனினும் வியக்கத்தக்கது, தான் செய்யும் மாற்றங்களை மேற்பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் மறைத்தமையேயாம். யாதும் பிழையில்லை எனத் திரை காட்டிக்கொண்டிருக்க, பொறிகள் பழுதாயின. ஏறத்தாழ ஆயிரம் மையநீக்கிகள் அகற்றப்பட்டன என வெளிநாட்டு ஆராய்வாளர் கணித்தனர். அரணுக்குள் இருப்பதனாலேயே காவல் உண்டாகிவிடாது என்பதும், கணினி காட்டும் அளவைக் கணினியைச் சாராத வேறொரு கருவியால் ஒத்துப்பார்த்தல் வேண்டும் என்பதும் இது தரும் பாடங்கள்.

மூன்றாவது உக்ரேன் நாட்டின் மேற்குப் பகுதியிலும் கீவ் நகரைச் சூழ்ந்த பகுதியிலும் மின்பகிர்வு செய்யும் மூன்று கம்பனிகளுக்கு நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆம் நாள் பிற்பகலில், கட்டுப்பாட்டறையிலிருந்த அலுவலர் தம் கை படாமலே திரையிலுள்ள சுட்டி நகர்வதைக் கண்டனர். அது ஒவ்வொரு சுற்றுடைப்பானாகத் திறந்து மின்னைத் துண்டித்துச் சென்றது. ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர் குளிர்காலத்தில் மின்னிழந்தனர். பகைவர் இதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சலோடு இணைத்தனுப்பிய பத்திரங்கள் மூலம் உட்புகுந்து, கடவுச்சொற்களைக் களவாடி, காலம் பார்த்திருந்தனர். முறைப்பாடு செய்வோரின் அழைப்புகள் சென்று சேராவண்ணம் தொலைபேசிகளைப் பொய்யழைப்புகளால் நிரப்பினர். உப மின்நிலையங்களோடு தொடர்புகொள்ளும் கருவிகளின் மென்பொருளையும் அழித்தனர்.

எனினும், ஆறு மணி நேரத்துக்குள் மின் மீண்டது. எவ்வாறெனின், கம்பனிகள் தம் ஆட்களை வாகனங்களில் உப மின்நிலையங்களுக்கு அனுப்பின. அவர்கள் சென்று சுற்றுடைப்பான்களைக் கையால் மூடினர். பழைய முறையில் இயக்கத்தக்க பொறிகளும், அவற்றை இயக்கத் தெரிந்த மனிதரும் அங்கே இருந்தமையால் இது கைகூடிற்று. அவ்வாறு இல்லாதிருந்தால், அழிந்த கருவிகளை மாற்றும்வரை இருள் நீடித்திருக்கும். அடுத்த ஆண்டு டிசெம்பரில் கீவ் நகரின் மின்செலுத்துகை நிலையமொன்று மீண்டும் தாக்கப்பட்டது. அப்பொழுதும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மின் மீட்கப்பட்டது.

நான்காவது நிகழ்ச்சியில் மனித உயிர்களே நேரடியாக ஆபத்துக்குள்ளாயின. அபாயகரமான ஆலைகளில், கட்டுப்படுத்தியின் வேறாகப் பாதுகாப்புக் கட்டுப்படுத்தி ஒன்று இருக்கும். அமுக்கமோ வெப்பமோ எல்லை மீறினால் ஆலையைத் தானே நிறுத்துவது அதன் ஒரே கடமை. 2017ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவிலுள்ள பெற்றோலிய இரசாயன ஆலையொன்றில் அப்பாதுகாப்புக் கட்டுப்படுத்தியையே மாற்றியமைக்கப் பகைவர் முயன்றனர். அவர்தம் முயற்சியில் நேர்ந்த பிழையால் அக்கட்டுப்படுத்தி கோளாற்றை உணர்ந்து ஆலையை நிறுத்திற்று. அதனாலேயே சூழ்ச்சி வெளிப்பட்டது. அக்கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அதனை இயக்க நிலையில் வைத்தால், உள்ளிருக்கும் நிரலை எவரும் மாற்ற இயலாது. அன்று அது நிரலை மாற்றுவதற்குரிய நிலையில் விடப்பட்டிருந்தது. பூட்டைச் செய்தவர் தம் கடமையைச் செய்திருந்தார். பூட்டுதற்கு ஆளில்லாமற் போயிற்று.

ஐந்தாவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. ரெக்சாஸ் மாநிலத்திலிருந்து கிழக்குக் கரைவழியே எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்த்தொடர் 5,500 மைல் நீளமுடையது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அக்கம்பனியின் அலுவலகக் கணினிகளைப் பூட்டிவைத்துக் கப்பங் கேட்டது ஒரு கூட்டம். எண்ணெய்க் குழாயை எவரும் தீண்டவில்லை. எனினும், கேடு பரவுமோ என்று அஞ்சிக் கம்பனியே குழாய்வழியை நிறுத்திற்று. மக்கள் முண்டியடித்துப் பெற்றோல் வாங்கினர்; பல நிலையங்கள் வறண்டன. 12ஆம் நாளே எண்ணெய் மீண்டும் ஓடத்தொடங்கிற்று. 75 பிற்கொயின், அஃதாவது ஏறத்தாழ 44 இலட்சம் டொலர், கப்பமாகக் கொடுக்கப்பட்டது, அதில் 63.7 பிற்கொயினை அரசு பின்னர் மீட்டது. கள்வர் புகுந்த வழி, வழக்கொழிந்தும் நீக்கப்படாதிருந்த ஒரு தொலையணுகற் கணக்கு. அதற்குக் கடவுச்சொல் ஒன்றே காவல்; இரண்டாவது சோதனை யாதும் இல்லை.

இவ்வைந்தையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நட்டன்ஸ் போன்ற இடங்களிற் பகைவரின் திறமை பெரிதாயிருந்தது மெய்யே. ஆயினும், பகைவருக்கு வழிவிட்டவை பெரும்பாலும் சிறிய சோர்வுகளே: நீக்கப்படாத கணக்கு, திருப்பப்படாத சாவி, ஆராயாது திறந்த கடிதம். அழிவைத் தடுத்தவையும் அவ்வாறே எளியவை: பொறியைக் கையால் இயக்கும் பழக்கமும், தவறுநேரின் தானே நின்றுவிடும் அமைப்பும்.

கணினிகளை அகற்றிப் பழைய நிலைக்கு மீள்வோம் என்று கூறுதல் பேதைமை. அவற்றால் விளைந்த சிக்கனமும் நுட்பமும் பெரிது. ஆலைத் தொழிலாளியின் உயிரைக் காத்த பெருமையும் அவற்றுக்குண்டு. ஆனால், சிக்கனங் கருதும்போது முதலிற் களையப்படுவன யாவை என்பதைக் கவனித்தல் வேண்டும். கையியக்கப் பிடிகள் மிகையெனப்படும். முதிய இயக்குநர் ஓய்வுபெற்றால் அவரிடத்துக்கு ஆள் எடார். ஆண்டுக்கொருமுறை கணினியின்றி நிலையத்தை இயக்கிப்பார்க்கும் பயிற்சி வீண்செலவாகும். உக்ரேனியரை இருளினின்று மீட்டவை இவையே. சாதாரண நாட்களின் கணக்கேட்டில் இவற்றின் பயன் ஒரு வரியிலும் தோன்றாது.

இம்மலரைப் படிப்போருட் பொறியியலாளரும் கணக்காளரும் நிருவாகிகளும் பலர் இருப்பர். செலவுத்திட்டம் வகுக்கும் மேசையில் இத்தகைய செலவொன்று மிகையெனக் கோடிடப்படுமாயின், கோடிடுமுன் ஒரு வினாவை எழுப்புதல் அவர் கடன். நாளை இத்திரை பொய் சொன்னால், நிலையத்துக்குச் சென்று கையால் அதனை இயக்க நம்மிடம் எவர் உளர்? அவ்வினாவுக்கு ஒருவர் பெயரையேனும் விடையாகக் கூற இயலாத நிறுவனம், பாதுகாப்புக்கு வேறு எத்துணைப் பொருள் செலவிட்டபோதிலும், காவலற்றதேயாகும்.