'டேக்' என்னும் ஆங்கில வினையும் தமிழின் வினைத்தேர்வும்: முத்துக்குளித்துறை வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ஒன்று 'டேக்'. அன்றாடச் சூழல்கள் பலவற்றில் இவ்வொரு வினை ஏற்கும் பணியைத் தமிழ் எவ்வெவ்வினைகளால் நிறைவேற்றுகிறது என்பதையும், அதன் நேர்ப்பெயர்ப்பாக 'எடு' பரவிவருவதால் நேரும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. 'எடு' கலந்த தொடர்கள் அனைத்தும் பிழையல்ல. தமிழ் காத்துவரும் பொருள் வேறுபாட்டை மறைப்பனவே விலக்கத்தக்கன என்பது இதன் முடிவு.

குறிச்சொற்கள்: வினைத்தேர்வு, மொழிபெயர்ப்பு, எடு, குளி, புன்னைக்காயல்

முன்னுரை

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த புன்னைக்காயல், முத்துக்குளித்துறை எனப்பெறும் கடற்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று. இக்கரையைப் போர்த்துக்கீசியர் 'மீன்பிடிப்புக் கரை' என்னும் பொருள்பட அழைத்தனர். ஆங்கிலப் பெயரும் அதையொட்டியே அமைந்தது. மீனைப் பிடிப்பதும் முத்துச்சிப்பியைச் சேகரிப்பதும் அம்மொழிகளில் ஒரே சொல்லுக்குள் அடங்கின. தமிழோ மீனுக்குப் 'பிடி' என்றும் முத்துக்குக் 'குளி' என்றும் வெவ்வேறு வினைகளை வகுத்தது. கிடைக்கும் பொருளை மட்டுமன்றி, அதைப் பெற மனித உடல் செய்யும் செயலையும் தமிழ் வினை சுட்டுகிறது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஐரோப்பிய வினையையும் தமிழ் வினையையும் முதன்முதலில் விரிவாக எதிரெதிர் வைத்துப் பார்த்த முயற்சியும் இக்கரையிலேயே நிகழ்ந்தது. போர்த்துக்கல்லில் பிறந்து 1546-இல் இந்தியா வந்த அண்டிரிக் அடிகளார், புன்னைக்காயல் முதலிய ஊர்களில் வாழ்ந்து தமிழ் கற்றார். 1549 அளவில் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். லிசுபனில் கையெழுத்துப் படியாக உள்ள அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை ழான் ஐன், வி. எஸ். ராஜம் ஆகியோர் 2013-இல் வெளியிட்டனர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அடிகளாரின் தமிழாக்கமே.

அவருடைய தாய்மொழியிலும் 'டேக்' போன்றதொரு வினை உண்டு. 'தொமார்' என்னும் அவ்வினையால் இன்றைய போர்த்துக்கீசியர் குளியலையும் 'எடுக்கின்றனர்', மருந்தையும் 'எடுக்கின்றனர்'. ஆகவே இங்கு ஆராயப்பெறும் சிக்கல் ஆங்கிலத்தோடு மட்டும் தோன்றியதன்று.

ஒரு வினை, பல பணிகள்

'டேக்' ஆங்கிலத்தின் தொல்சொல் அன்று. வடஐரோப்பியக் குடியேறிகளின் நோர்சு மொழியிலிருந்து வந்து, அதே பொருளில் வழங்கிய பழைய ஆங்கில வினையை வழக்கொழித்தது. 'கையால் பற்று' என்னும் பருப்பொருளில் தொடங்கிய அது, காலப்போக்கில் பொருள் வெளிறி, பக்கத்திலுள்ள பெயருக்கு வினைத்தன்மை தரும் துணையாகவும் மாறியது. 'குளியல் எடு', 'இருக்கை எடு', 'நேரம் எடு' என அமையும் ஆங்கிலத் தொடர்களில் பொருளின் சுமையைப் பெயரே ஏற்கிறது. வினை இலக்கணக் கடமையை மட்டும் ஆற்றுகிறது.

இத்தகைய இடங்களில் தமிழ் பெரும்பாலும் முழுப்பொருள் உள்ள வினையையே நாடுகிறது. ஆங்கிலேயர் குளியலை எடுக்க, தமிழர் குளிக்கின்றனர். அவர்கள் இருக்கையை எடுக்க, இவர்கள் அமர்கின்றனர். அங்கே தேர்வை 'எடுப்பவர்', இங்கே தேர்வை எழுதுகிறார். கடன் வாங்கப்படுகிறது; பொறுப்பு ஏற்கப்படுகிறது; அறிவுரை கேட்கப்படுகிறது; பழி தீர்க்கப்படுகிறது. பேருந்தைப் பிடிக்கிறோம் அல்லது பேருந்தில் ஏறுகிறோம். வேலைக்கு நேரம் பிடிக்கிறது அல்லது ஆகிறது.

இடம்பெயர்த்தலைக் குறிக்கும்போது இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. பையையும் மகளையும் பள்ளிக்குக் 'கொண்டுபோவதற்கு' ஆங்கிலத்தில் ஒரே வினை போதும். தமிழில் பையை எடுத்துச் செல்கிறோம். மகளை அழைத்துச் செல்கிறோம். நடவாக் குழந்தையைத் தூக்கிச் செல்கிறோம். செல்வது பொருளா, ஆளா, ஆளெனின் தன் காலால் நடக்கிறதா என்பதை அறியாமல் தமிழ் வினையைத் தேர முடியாது. 'மகளை எடுத்துச் சென்றார்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் இலக்கணப் பிழை செய்யவில்லை, ஆளைப் பொருளாக்கிவிடுகிறார்.

'எடு' வினையின் சொந்தப் பரப்பு

இதனால் 'எடு' என்பது குறுகிய பொருளுடையது எனக் கருதலாகாது. அதன் பரப்பு தமிழிலேயே விரிந்தது. பாம்பு படம் எடுக்கிறது, மன்னர் படையெடுத்தனர், ஊரார் விழா எடுக்கின்றனர், பிள்ளையைத் தத்து எடுக்கின்றனர், மாணவர் மதிப்பெண் எடுக்கின்றனர். 'எனக்குப் பசி எடுக்கிறது' என்பதில் பசியே எழுவாய். உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். இவ்வமைப்புக்கு 'டேக்' வினையில் இணை இல்லை.

வேற்றுமை உருபும் இங்குப் பொருளை மாற்றும். 'தீபாவளிக்குத் துணி எடுத்தான்' என்றால் வாங்கினான் என்பது பொருள். 'துணியை எடுத்தான்' என்றால் கையில் எடுத்தான் என்பதே முதலில் தோன்றும் பொருள். உருபு ஏற்காத பெயரும் வினையும் ஒன்றித் தனிப்பொருள் தருவதற்கு இது சான்று. 'முத்துக் குளித்தான்' என்பதும் இவ்வகையினதே. 'முத்தைக் குளித்தான்' என எவரும் சொல்வதில்லை. முத்து இங்குச் செயப்படுபொருள் போல நின்றாலும், முத்துக்காகக் கடலில் மூழ்கினான் என்பதே கருத்து.

'குளி' என்பதற்கு நீராடுதல் மட்டுமன்றி, மூழ்குதல், உட்புகுதல் ஆகிய பொருள்களும் உண்டு. பொதுவழக்கில் நீராடற்பொருளே எஞ்சியுள்ளது. மூழ்குதற்பொருளை இக்கரையின் தொழில்வழக்கு காத்துவைத்தது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் ஆண்டுதோறும் நடைபெற்ற முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்கு குளித்தல் நீடித்ததால் அப்பொருள் வழக்கிழக்கவில்லை. தொழில் மறையும்போது சொல் மட்டுமன்றிச் சொல்லின் ஒரு பொருளும் மறையக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

நேர்ப்பெயர்ப்பின் விளைவுகள்

'நடவடிக்கை எடு', 'முடிவு எடு', 'நேரம் எடுக்கும்' ஆகியவற்றில் ஆங்கிலச் சாயல் தெளிவு. எனினும் இவற்றால் பொருள் மயக்கம் நேர்வதில்லை. 'எடு' வினையின் பரந்த இயல்பே இவற்றை எளிதில் ஏற்கச் செய்தது. 'முடிவு செய்', 'நேரம் பிடிக்கும்' ஆகியவற்றையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஆனால் முன்னவற்றைப் பிழை எனத் திருத்த வேண்டுவதில்லை.

வேறு சில தொடர்கள் அத்தகையன அல்ல. தமிழ்நாட்டில் 'வகுப்பு எடுத்தார்' என்றால் கற்பித்தார் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு நேரான தொடர் பெரும்பாலும் வகுப்பில் பயில்வதைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆசிரியர் மாணவராகிவிடுவார். தமிழ்நாட்டில் 'போனை எடு' என்பது வந்த அழைப்பை ஏற்பதைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் 'கோல் எடு' என்பது அழைப்பதைக் குறிக்கும். ஒரே வினை தமிழுக்குள்ளேயே எதிர்த்திசைகளைச் சுட்டுதல் காண்க.

மிகுந்த கவனம் வேண்டுவது மருந்துக் குறிப்பு. 'நாளுக்கு இருமுறை எடுத்துக்கொள்ளவும்' என்னும் தொடர், மருந்தை எவ்வாறு உட்கொள்வது என்பதைச் சொல்வதில்லை. மாத்திரையாயின் விழுங்கவா, மெல்லவா, நாவின் கீழ் வைக்கவா? நீர்மமாயின் குடிக்கவா, வாய் கொப்பளிக்கவா? களிம்பைப் பூச வேண்டும். ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தெளிவான வினை உள்ளது. அதைத் துறந்து பொதுவினையை இடும்போது, படிப்பவர் பிறரைக் கேட்டறிய வேண்டியவராகிறார். கேட்க ஆளில்லாத முதியவர்க்கு அது இடராகவும் முடியலாம். 'எந்த வகை மருந்தாயினும்' எனப் பொதுவாகப் பேசும் இடத்தில் மட்டும் 'எடுத்துக்கொள்' பயனுடையது.

முடிவுரை

'டேக்' வினைக்கு இணையான ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது பயனற்றது. யார், எதை, எவ்வுறுப்பால், எவ்விடத்திற்கு என்னும் வினாக்களை எழுப்பினால் உரிய வினை தானே முன்வரும். ஆங்கிலம் கற்பிப்போர் 'டேக்' என்பதற்கு 'எடு' எனப் பொருள் எழுதவைப்பதோடு நில்லாமல், அவ்வினை வரும் தொடர்களைச் சூழலோடு வகைப்படுத்திக் காட்டுதல் வேண்டும். அகராதி தொகுப்போரும் பெயர்–வினை இணைகளைத் தனிப்பதிவுகளாகத் தருதல் நலம்.

புதிய தொடரைக் கொள்வதா தள்ளுவதா என்பதற்கு, அது எம்மொழியிலிருந்து வந்தது என்பது அளவுகோலாகாது. அதனால் எந்த வேறுபாடு மறைகிறது என்பதே அளவுகோல். மீனைப் பிடித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்த கரையின் பெயரே அவ்வேறுபாட்டின் மதிப்பை இன்றும் நினைவூட்டுகிறது.