ஒரே ‘ஜிசிசி’ கட்டளை, சரியான கம்பைலரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ பிராசஸருக்கு லேப்டாப்பில் புரோகிராம் எழுதுகிறீர்கள். லேப்டாப்பில் இருப்பது இன்டெல் சிப். சக்திக்குப் புரிவதோ ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகள். ஆக, லேப்டாப்புக்கு ஒன்று, சக்திக்கு ஒன்று என இரண்டு கம்பைலர்கள் வேண்டும். வெறுமனே ‘ஜிசிசி’ என்ற கம்பைலர் கட்டளையைத் தட்டினால் எது ஓடும்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே காத்திருக்கும் கப்பலில், அதை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறுகிறார். நிலக்கரிக்கு ஒரு தளம், கன்டெய்னருக்கு வேறு தளம். உரிய இடத்தில் சேர்த்துவிட்டு இறங்கிவிடுவார். சரக்கைத் தொடவே மாட்டார்.

அந்த பைலட்தான் ‘ரேப்பர் ஸ்கிரிப்ட்’, சில வரி ஷெல் நிரல். நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல், அந்தப் பெயரை ‘பாத்’ பட்டியலிலுள்ள ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டும். அதனால் ‘ஜிசிசி’ என்ற அதே பெயரில் ஸ்கிரிப்ட்டை முதல் ஃபோல்டரில் வைக்கிறோம். எந்தச் சிப்புக்கு என்பதை நீங்கள் முன்பே குறித்துவைத்த மாறியில் பார்த்து, உண்மையான கம்பைலரை முழு முகவரியோடு அது அழைக்கும்.

ஏன் முழு முகவரி? பெயரை மட்டும் சொன்னால் ஷெல் மறுபடி ஸ்கிரிப்ட்டையே பிடித்துவரும். அது தன்னைத்தானே ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும்!

நீங்கள் கொடுத்த ஆப்ஷன்களை அப்படியே கைமாற்றுவதில்தான் கவனம் தேவை. மேற்கோள் குறி விட்டுப்போனால், இடைவெளி உள்ள ஃபைல் பெயர் இரண்டாகப் பிளந்துவிடும்.

கடைசியில் ‘எக்ஸெக்’ கட்டளை. ஸ்கிரிப்ட் விலகி, அதே இடத்தில் கம்பைலர் அமர்ந்துகொள்கிறது.

சரியான கம்பைலர்தானா என்று சந்தேகமா? உருவான ஃபைலின் மீது ‘ஃபைல்’ கட்டளையை ஓட்டுங்கள். எந்தச் சிப்புக்கானது என்று காட்டிவிடும்.