வெம்மையும் பாலின் ஓட்டமும்

தேன், எண்ணெய், வெல்லப்பாகு ஆகியவை சூடேறினால் இளகி ஓடும், குளிர்ந்தால் இறுகும். இதனை நாம் வகுப்பில் சொல்லி முடித்த மறுகணமே ஒரு மாணவன் எழுந்து, "அப்படியானால் கஞ்சி மட்டும் ஏன் ஐயா சூடேறக் கெட்டியாகிறது?" என்று கேட்டால் என்ன விடை கூறுவோம்? தோட்டத்துப் பிள்ளை ஒரு படி மேலே சென்று, "ரப்பர் பால் வெயிலில் இளகுமென்றால், விடியுமுன் போய் வெட்டுவானேன்?" என்றும் கேட்கக்கூடும். 'சூடு பட்டால் இளகும்' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இவ்வினாக்களைக் கடக்க முடியாது. அவ்வரியோடு பாடத்தை முடித்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடும் அன்று.

தேன் ஒரே தன்மையான நீர்மம். ரப்பர் பாலும் மாவு கரைத்த நீரும் அத்தகையன அல்ல. நுண்துகள்கள் நீரில் கரையாமல் பரவி நிற்கும் கலவைகள் அவை. இவற்றை அறிவியலார் தொங்கல் என்பர். ஒரு நீர்மம் ஓட்டத்துக்குக் காட்டும் தடையைப் பாகுநிலை என்பர்.

தொங்கலின் பாகுநிலையை முதன்முதல் கணக்கிட்டவர் ஐன்ஸ்டைன். 1906ல் வெளியிட்ட கணக்கில் இருந்த பிழையை 1911ல் அவரே திருத்தினார். உருண்டையான துகள்கள் கலவையின் பருமனில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால், பாகுநிலை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடும் என்பது அத்திருத்தத்தால் கிடைக்கும் விடை. இதில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. துகள்கள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டுள்ளன என்பதே இக்கணக்கில் வருகிறது, வெப்பநிலை வரவில்லை. ஆகவே துகள் மாறாதிருக்குமானால், வெம்மை தன் வேலையை நீரின் வழியாகவே செய்கிறது. 20 பாகை வெப்பத்தில் உள்ள நீர் 30 பாகையை எட்டும்போது அதன் பாகுநிலை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 60 பாகையில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நீர் இளகினால் கலவையும் இளகும்.

துகள்கள் நெருங்கிவிட்டால் கதை வேறு. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் ஏறும்போது ஒருவரால் மற்றவருக்கு இடையூறு இல்லை. கூட்டம் மிக மிக நடை தளர்கிறது. ஓர் எல்லைக்குப்பின், இன்னும் சிலர் நுழைந்தாலே போதும், எல்லோரும் நின்றுவிடுவர். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒழுங்கின்றிக் கொட்டி நெருக்கினால், அவை நூற்றுக்கு 64 பங்கு இடத்தை அடைக்கும்போது அந்த எல்லை வந்துவிடும். அதை நெருங்க நெருங்கப் பாகுநிலை பல மடங்காக ஏறும். இனி, படியில் நிற்பவர் தொகை கூடாமலே ஒவ்வொருவர் தோளிலும் ஒரு காவடி ஏறினால் என்ன ஆகும்? வழி அடைபட்டுவிடும் அல்லவா?

கஞ்சியில் நிகழ்வது இதுதான். அரிசி மாவின் நுண்மணிகள் தண்ணீரில் தம் உருக்குலையாமல் இருக்கின்றன. ஏறத்தாழ 70 பாகையை எட்டும்போது அவை நீரை உறிஞ்சிப் பன்மடங்கு உப்பிவிடுகின்றன. மணிகளின் தொகை கூடவில்லை. அவை கொள்ளும் இடம் கூடுகிறது. சூட்டால் நீர் இளகுவது உண்மைதான் என்றாலும், அந்த நெரிசலின் முன் அது எம்மாத்திரம்? இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். மாவு கரைத்த நீரைச் சூடேற்றிக் கெட்டியாக்கியபின் ஆறவிடுங்கள். அது பழையபடி நீர்த்துவிடுவதில்லை. மேலும் இறுகவே செய்யும். வெந்த மணி மீண்டும் பச்சை மாவு ஆகாது.

ரப்பர் துகள் அவ்வாறு உப்புவதில்லை. மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஆலைகளில் சுழற்றிச் செறிவாக்கிய பாலில் எடைக்கு நூற்றுக்கு 60 பங்கு வரை உண்டு. இவ்வளவு நெரிசலிலும் அது ஓடுவதற்குக் காரணம், துகள்கள் பெரிதும் சிறிதுமாக இருப்பதே. பெரியவற்றின் இடுக்கில் சிறியவை அடங்கிக்கொள்கின்றன. இப்பாலை மிதமாகச் சூடேற்றினால் இளகும், குளிர்வித்தால் தடிக்கும். இங்கே நம் பழைய விதி பொய்க்கவில்லை.

பின் ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்? ஓட்டத்தை முடிவு செய்வது பாகுநிலை மட்டுமன்று, உள்ளிருந்து தள்ளும் அழுத்தமும் ஆகும். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடாமையால், பட்டையிலுள்ள பாற்குழாய்களில் விடியற்காலத்து அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அளவுக்கு உயர்ந்து நிற்கும். வெயில் ஏற ஏற இலைவழி நீர் வெளியேறி, அவ்வழுத்தம் சரிந்துவிடும். காலை 24 பாகைக்கும் நண்பகல் 32 பாகைக்கும் இடையே நீர் இளகுவது ஆறில் ஒரு பங்குதான். அழுத்தத்தில் ஏற்படும் இழப்பை அது ஈடு செய்யாது.

மங்கில் விழுந்தபின் வெம்மை வேறொரு வேலையைத் தொடங்குகிறது. ரப்பர் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. வெதுவெதுப்பில் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகி அமிலங்களை உண்டாக்க, அம்மின்னூட்டம் தணிகிறது. துகள்கள் கூடி ஒட்டுகின்றன. பால் முதலில் தடித்துப் பின் திரிகிறது. திரிந்ததைக் குளிர்வித்தாலும் மீளாது. வாளிக்குள்ளேயே கட்டிப்பாலாகிவிட்டதற்கு நீர்ப்பாலின் விலை கிடைப்பதில்லை. ஆதலால்தான் பாலில் சிறிது அம்மோனியா சேர்க்கிறார்கள். அது நுண்ணுயிர்களை அடக்கி, அமிலத்தைத் தணித்து, துகள்களின் விலக்கத்தைக் காக்கிறது.