உங்களுக்குத் தெரியுமா? குக் கவுண்டியின் செக் ஊர்கள்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டிக்குள் சிகாகோ மாநகரமும் அதை ஒட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களும் அடங்கும். 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 52.75 லட்சம் பேர். அவர்களில் செக் வம்சாவளியினர் எந்த ஊரில் அதிகம், எங்கே குறைவு என்று பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்: அவர்கள் நாலாபுறமும் பரவவில்லை. நகரின் மையத்தை ஒட்டிய இடத்தில் கிளம்பி, தென்மேற்கே கொஞ்சம் இறங்கி, பிறகு மேற்கு நோக்கியே ஊர் ஊராக நகர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் கிடைத்த செய்திகள் இவை.

● 1871 அக்டோபர் 8. சிகாகோவைச் சாம்பலாக்கிய பெருந்தீ டிகோவன் தெருவில்தான் மூண்டது. சிகாகோவின் முதல் செக் குடியிருப்பும் அந்தப் பக்கம்தான். அதற்கு ‘ப்ராக்’ என்றே பெயர். அன்று காற்று வடகிழக்காக அடித்ததால் தீ நகரின் மையத்தை விழுங்கியது, தெற்கே இருந்த பகுதிகள் தப்பின. அடுத்த சில ஆண்டுகளில் செக் குடும்பங்கள் பெருவாரியாகக் குடியேறியது அந்தத் தப்பித்த தென்பகுதியில்.

● அந்தப் பகுதிதான் பில்சன். செக் நாட்டின் பில்சன் நகரத்தின் பெயரைத் தாங்கிய ஓர் உணவு விடுதி அங்கே இருந்தது. அதன் பெயரே பேட்டைக்கும் நிலைத்துவிட்டது என்பார்கள். ஆற்றங்கரை மரக்கிடங்குகளில் பலகை சுமப்பது அங்கிருந்த ஆண்கள் பலரின் பிழைப்பு. 1877 ஜூலையில் ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தபோது, ஹால்ஸ்டெட் தெருப் பாலத்தருகே போலீசோடும் ராணுவத்தோடும் மோதிய கூட்டத்தில் இந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பட்டினியும் போராட்டமுமாக இருந்த அதே பேட்டையில் 1892-இல் தாலியா ஹால் என்ற அழகான அரங்கம் எழுந்தது. இன்றும் அங்கே கச்சேரிகள் நடக்கின்றன.

● 1918-க்கு முன்பு செக்கோஸ்லோவாக்கியா என்றொரு நாடே கிடையாது. அதனால் பழைய அமெரிக்கக் கணக்கெடுப்புகளில், பிறந்த நாட்டை மட்டும் பார்த்தால், செக் மக்கள் பலர் ‘ஆஸ்திரியா’ என்ற தலைப்புக்குள் மறைந்துவிடுகிறார்கள். 1910-இல் சேர்த்த ‘தாய்மொழி என்ன’ என்ற கேள்வி அவர்களை அடையாளம் காண உதவியது. சொந்த அரசு இல்லாத ஒரு மக்களைக் காட்டிக்கொடுத்தது அவர்களின் தாய்மொழி!

● சிகாகோவின் வடமேற்கில் இருக்கும் பொஹீமியன் (அதாவது செக்) தேசிய இடுகாடு பிறந்தது ஒரு மறுப்பினால். இறந்துபோன ஒரு பெண்ணைக் கத்தோலிக்க இடுகாட்டில் அடக்கம் செய்யப் பாதிரியார் சம்மதிக்கவில்லை. கடைசிப் பாவமன்னிப்பு பெறவில்லை என்பது காரணம். கொதித்துப்போன செக் சங்கங்கள் 1877-இல் தாங்களே நிலம் வாங்கி, எந்த மதத்துக்கும் கட்டுப்படாத இடுகாட்டை ஏற்படுத்தின. குடியேறி வந்த செக் மக்களில் பகுத்தறிவுக் கொள்கையினர் ஏராளம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

● பிழைப்பு அவர்களை மேற்கே இழுத்தது. சிகாகோ எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் சிசரோ. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் அங்கே 1905-இல் ஹாதார்ன் தொழிற்சாலையைத் தொடங்கியது. நாட்டின் தொலைபேசிக் கருவிகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாரானது. உச்ச காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். சிசரோவிலும் அதை ஒட்டிய சௌத் லான்டேல் பகுதியிலும் செக் குடும்பங்கள் நிறைந்தன. சௌத் லான்டேலுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘செக் கலிபோர்னியா’.

1915 ஜூலை 24, சனிக்கிழமை. ஹாதார்ன் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் புறப்பட்ட நாள். சிகாகோ ஆற்றில், நகரின் நடுவே, ஈஸ்ட்லேண்ட் கப்பலில் 2,500 பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். கப்பல் இன்னும் புறப்படவே இல்லை, வடக்கயிறுகள் முழுவதும் அவிழ்க்கப்படவில்லை. கரையோரமே ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் இறந்தார்கள். கரை சில அடி தூரத்தில் இருந்தது. ஆனால் கீழ்த்தளத்தில் இருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வெளியே வர வழியில்லை. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த கப்பல் அது. டைட்டானிக் விபத்துக்குப் பிறகு வந்த பாதுகாப்பு விதிகளுக்காக அதன் மேல்தளத்தில் கூடுதல் உயிர்காப்புப் படகுகளை ஏற்றியிருந்தார்கள். உயிர் காக்க வைத்த பாரமே தலைக்கனமாகிவிட்டது. முழுக் குடும்பமாக மாண்டவை மட்டும் 22. பலியானோரில் செக் மக்கள் மிகப் பலர். நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தப் பொஹீமியன் இடுகாட்டில் புதைக்கப்பட்டார்கள். டைட்டானிக்கை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. கூலி உழைப்பாளிகளோடு கவிழ்ந்த இந்தக் கப்பலின் பெயர் அதன் சொந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாது என்பது மனதை உறுத்துகிறது.

● சிசரோவுக்கு அடுத்த ஊர் பெர்வின். டக்ளஸ் பார்க் மின்ரயில் தடம் அதுவரை நீண்டு, 1952 வரை அங்கே ஓடியது. ஆலை ஒரு ஊரில், வீடு அடுத்த ஊரில் என்று வாழ ரயில் வழிசெய்தது. வரிசை வரிசையாக நிற்கும் செங்கல் பங்களாக்கள் இன்றும் பெர்வினின் அடையாளம். இத்தனை தொழிலாளிகள் எப்படி வீடு வாங்கினார்கள்? செக் மக்கள் தங்களுக்குள் நடத்திய சேமிப்பு - கடன் சங்கங்கள்தான் விடை. வாரா வாரம் சிறு தொகை கட்டிச் சேர்ப்பது, சேர்ந்ததிலிருந்து உறுப்பினருக்கு வீட்டுக்கடன் கொடுப்பது. நம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களைப் போன்ற ஏற்பாடு. இத்தகைய சங்கங்கள் ஊரின் முக்கியச் சாலை நெடுகக் கட்டடம் கட்டி நின்றன. பெர்வினைச் செக் ஊராக்கியதில் ரயிலைவிட இவற்றுக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

● அந்தச் சாலை முன்பு 22-ஆம் தெரு. இன்று செர்மாக் சாலை. அந்தோன் செர்மாக் 1873-இல் செக் நாட்டின் கிளாட்னோவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், சிகாகோவில் விறகு விற்றவர், பிறகு குக் கவுண்டி வாரியத் தலைவர், 1931-இல் சிகாகோ மேயர். 1933 பிப்ரவரி 15-இல் மயாமியில், அதிபராகப் பதவியேற்கவிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அருகே நின்றபோது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மார்ச் 6-இல் இறந்தார். சிகாகோவிலிருந்து சிசரோ, பெர்வின், நார்த் ரிவர்சைடு என்று செக் மக்கள் நகர்ந்த அதே வழியாகத்தான் அவர் பெயர் கொண்ட சாலை போகிறது. பக்கத்து டூபேஜ் கவுண்டியின் ஓக் புரூக்கில் அதே சாலைக்கு மறுபடியும் 22-ஆம் தெரு என்றே பெயர்.

● மெக்டொனால்ட்ஸை உலகச் சங்கிலியாக்கிய ரே கிராக், 1902-இல் குக் கவுண்டியின் ஓக் பார்க்கில் செக் வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

● சிகாகோ பேர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியை உருவாக்கிய ஜார்ஜ் ஹாலஸும் செக் குடியேறிகளின் மகன்.

● செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக், 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றினார். 1918 மே மாதம் அவர் திரும்பி வந்தபோது தெருக்கள் நிரம்பி வழிந்தன. அப்போது நாடு இன்னும் பிறக்கவில்லை.

● இன்றைய எண்களை வாசிப்பதில் சில கவனங்கள் வேண்டும். வம்சாவளிக் கேள்வி அமெரிக்கக் கணக்கெடுப்பில் முதலில் இடம்பெற்றது 1980-இல். இப்போது அது ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் வருகிறது. யாரையும் ‘நீ செக்’ என்று அதிகாரி முடிவு செய்வதில்லை. அவரவர் எழுதுவதே கணக்கு. ஒருவருக்கு இரண்டு வம்சாவளி வரை பதிவாகும். தாத்தா செக், பாட்டி ஜெர்மன் என்று இரண்டையும் எழுதினால் இரு பட்டியலிலும் அவர் வருவார். சிறிய ஊர்களில் மாதிரி சிறியது, பிழை வரம்பு பெரியது. இன்னொன்று: ‘செக்கோஸ்லோவாக்கியன்’ என்று எழுதுவோருக்குத் தனித் தலைப்பு உண்டு. 2000-இல் நாடு முழுதும் செக் என்று எழுதியவர்கள் சுமார் 12.6 லட்சம், செக்கோஸ்லோவாக்கியன் என்று எழுதியவர்கள் சுமார் 4.4 லட்சம். இரண்டாவது வரியை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது.

● எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. ‘அமெரிக்காவின் செக் தலைநகரம்’ என்று 1987-இல் அதிபர் ரீகன் அறிவித்த ஊர் நெப்ராஸ்காவில் சலீன் கவுண்டியின் வில்பர். 2020-இல் அங்கே 2,000 பேர்கூட இல்லை! குக் கவுண்டிக்குள்ளும் இதே பாடம்தான். சிகாகோ பெரிய ஊர் என்பதால் அங்கே தலைகள் அதிகம். ஆனால் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் ரிவர்சைடு, நார்த் ரிவர்சைடு, புரூக்ஃபீல்டு போன்ற சிற்றூர்கள் முந்துகின்றன.

● பழைய செக் ஊர்களில் இன்று யார்? பில்சனும் செக் கலிபோர்னியாவும் பல பத்தாண்டுகளாக மெக்சிகோ வம்சாவளியினரின் பேட்டைகள். சிசரோவில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பெர்வினில் பாதிக்கு மேல். ஹாதார்ன் ஆலை 1983-இல் மூடியது. 1922-இல் திறந்த ‘கிளாஸ்’ என்ற செக் உணவகம் 2016-இல் கதவடைத்தது. ஆனாலும் காளானைக் கொண்டாடும் செக் மக்களின் ‘ஹோபி’ விழாவை சிசரோ, பெர்வின் ஊர்கள் கைவிடவில்லை.

● குக் கவுண்டியின் செக் எண்ணிக்கை குறைவதை மட்டும் பார்த்து ஒரு சமூகம் கரைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ரிவர்சைடோடு அந்த மேற்குப் பயணம் நிற்கவில்லை. அடுத்த தலைமுறை கவுண்டி எல்லையையே தாண்டிவிட்டது. டூபேஜ் கவுண்டியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அவர்கள் போன இடம் தெரியும்.