வேலியோரத்து நீலம்

மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் வீட்டு வேலி முழுக்கச் சங்குப்பூக் கொடிதான். அம்மாவுக்கு அது சாமிப் பூ. காலையில் பறித்துச் சிவன் படத்துக்கு வைப்பார், அதோடு சரி. அதைச் சமைக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் பக்கத்து வீட்டு மாச்சிக் (மலாய் அத்தை). மலாயில் அந்தப் பூவின் பெயர் புங்கா தெலாங்.

இருபது பூக்கள் போதும். பச்சைக் காம்பைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாமல் விட்டால் புல் வாடை அடிக்கும். ஒரு கோப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால் மையைப் போன்ற நீலம் கிடைக்கும். இரவு ஊறிய புளுட் என்னும் ஒட்டரிசியில் பாதியை அந்தத் தண்ணீரில் போட்டு, மறுபாதியை வெள்ளையாகவே வைத்து, தேங்காய்ப்பாலும் உப்பும் தெளித்து ஆவியில் வேகவைப்பார் மாச்சிக். பிறகு இரண்டையும் கலந்து அழுத்தித் துண்டு போட்டு, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவித் தருவார். இதுதான் புளுட் தாய் தாய், சீன-மலாய்க் கலப்பு மரபின் ஞோஞா வீடுகளின் பலகாரம். கிளந்தான் மாநிலத்தில் இதே பூ நாசி கெராபு சோற்றை நீலமாக்குகிறது.

பூவுக்கென்று பெரிய ருசி கிடையாது. நிறம்தான் அதன் கொடை. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற பொருளால் வருவது. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும், சோடா உப்புப் பட்டால் பச்சைப் பக்கம் சாயும். அந்த மாற்றத்தைப் பார்க்கவே என் மகள் சங்குப்பூச் சர்பத்தில் எலுமிச்சை பிழியும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

விதையை மட்டும் சமையலில் சேர்க்காதீர்கள், வயிற்றுப்போக்கு உண்டாக்கும். மிஞ்சிய பூவை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறம் வெளுத்துவிடும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் கருவிளை என்று வருவது இதுதான். அதைப் படித்தபின் அம்மா ஒரு பங்கைச் சமையலறைக்கும் பறிக்கிறார்.